கன்னியர் மடத்தின் வாசலில்: பழைய கோவாவின் புனித மோனிக்கா மடமும் நம் திருச்சபையும்

முன்னுரை

பண்பொழியைச் சுற்றிலும் வாழும் நமக்குத் திருத்தலப் பயணம் புதிதன்று. திருமலைக் குமரன் கோயிலுக்குக் காவடி சுமந்து செல்வோரை ஆண்டுதோறும் காண்கிறோம். அக்கோயில் திருப்பணிக்குத் தம் வாழ்வையே ஒப்படைத்தவராகச் சிவகாமி அம்மையார் என்னும் பெண் துறவியின் நினைவை அப்பகுதி மக்கள் போற்றி வருகின்றனர். பெண் ஒருத்தி இல்லறத்தை விட்டு இறைப்பணிக்கென்று தன்னை ஒதுக்கி வைப்பது நம் மண்ணுக்கு அந்நியமான எண்ணமன்று என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், சீர்திருத்தத் திருச்சபையினராகிய நமக்குக் கன்னியர் மடம் என்றவுடன் மனத்தில் ஒரு தயக்கம் எழுகிறது. சபையாரைச் சுற்றுலாவாகப் பழைய கோவாவுக்கு அழைத்துச் செல்லும் போதகர், சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள ஆலயத்தைக் காட்டிவிட்டு, அருகிலுள்ள குன்றின்மேல் நிற்கும் புனித மோனிக்கா மடத்தை, "அது கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளின் பழைய கட்டடம்" என்ற ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார். அவ்வாறு கடந்து செல்லத்தக்க இடமன்று அது. அம்மடம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு ஒடுங்கியது, நம்மவர் அதை எம்மனத்துடன் பார்க்க வேண்டும், அது நம்மிடம் எழுப்பும் வினா யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செல்லும் வழியே ஒரு பாடம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம் செல்லும் இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் முழுமையாக மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. கொல்லத்திலிருந்து எர்ணாகுளம் சென்று, 1998-இல் முழுநீளமும் திறக்கப்பட்ட கொங்கண் இருப்புப்பாதையில் வடக்கே பயணம் செய்தால், பழைய கோவாவுக்கு அண்மையிலுள்ள கர்மலி நிலையத்தில் இறங்கலாம்.

இவ்வழியில் எர்ணாகுளத்துக்குத் தெற்கே உதயம்பேரூர் என்னும் ஊர் உள்ளது. 1599 ஜூன் திங்களில், கோவாவின் பேராயர் அலெக்ஸோ டி மெனெசெஸ் தோமையார் கிறிஸ்தவர்களைக் கூட்டி நடத்திய மாமன்றம் இங்குதான் நிகழ்ந்தது. அவர்களுடைய சீரிய மொழி நூல்கள் பல திருத்தவும் எரிக்கவும் கட்டளையிடப்பட்டன. அவர்களுடைய பழைய வழக்கங்கள் பல ரோமையின் முறைக்கு உட்படுத்தப்பட்டன. அதனால் விளைந்த மனக்கசப்பு 1653-இல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசுச் சத்தியமாக வெடித்தது.

இதே மெனெசெஸ்தான் ஏழு ஆண்டுகளுக்குப்பின் புனித மோனிக்கா மடத்தை நிறுவியவர். ஒரு பழம்பெரும் சபையின் நூல்களை எரிக்கச் செய்த கையே பெண்களுக்கு ஒரு ஜெப வீட்டையும் எழுப்பிற்று. திருச்சபை வரலாற்றில் நன்மையும் தீமையும் வெவ்வேறு மனிதரிடம் பிரிந்து கிடப்பதில்லை. இவ்வுண்மையை உதயம்பேரூரிலேயே மனத்திற் கொண்டு மேற்சென்றால், கோவாவில் நாம் காண்பவற்றை வெறும் புகழ்ச்சியாகவோ வெறும் இகழ்ச்சியாகவோ சுருக்கிவிட மாட்டோம்.

மடத்தின் தோற்றம்

மெனெசெஸ் அகுஸ்தீன் சபைத் துறவி. 1595-இல் கோவாவின் பேராயரானார். அக்காலக் கோவாவில் போர்த்துக்கீசியப் படைவீரரும் வணிகரும் கடலிலும் களத்திலும் மடிந்துகொண்டே இருந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற விதவைகளும், தந்தையற்ற பெண்மக்களும், கணவர் தொலைவில் இருக்கத் தனித்திருந்த மனைவியரும் பாதுகாப்பின்றித் தவித்தனர். இவர்களுக்கென்று மலைமாதா பெயரில் ஒரு காப்பகத்தையும், மனந்திரும்பி வாழ விரும்பிய பெண்களுக்கென்று மகதலேனா மரியாள் பெயரில் மற்றொரு காப்பகத்தையும் பேராயர் ஏற்படுத்தினார். துறவறம் பூண விரும்பியோருக்கென்று எழுந்ததே புனித மோனிக்கா மடம். 1606-இல் தொடங்கப்பட்ட கட்டடம் 1627-இல் நிறைவுற்றது. 1636-இல் தீக்கிரையாகி, அடுத்த ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது. கீழ்த்திசை நாடுகளில் ஐரோப்பியர் நிறுவிய கன்னியர் மடங்களுள் இதுவே முதன்மையானது எனப்படுகிறது.

மடத்தின் பெயர் கருதத்தக்கது. மோனிக்கா கன்னியல்லர், மனைவியாகவும் தாயாகவும் வாழ்ந்து, விதவையாகி, வழிதவறிய மகனுக்காகப் பல்லாண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தவர். அம்மகனே அகுஸ்தீனார். அவர் ஆயராக இருந்த ஹிப்போ நகரில் அவருடைய சகோதரி ஒரு பெண்கள் சமூகத்தை நடத்தினார். அச்சமூகத்துக்கு அகுஸ்தீனார் எழுதிய மடல், பிற்காலத்தில் அகுஸ்தீன் சபையாரின் ஒழுங்குவிதியோடு நெருங்கிய தொடர்புடையதாக மதிக்கப்பட்டது. எருசலேம் சபை ஒரே இருதயமும் ஒரே மனமுமாய் வாழ்ந்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரம் கூறுவதே அவ்விதியின் அடித்தளம். மடத்து வாழ்வின் வேரும் திருமறையில்தான் தேடப்பட்டது என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

சுவரும் கிராதியும்

மடத்தை அணுகும் பயணியின் கண்ணில் முதலில் படுவது அதன் மாபெருஞ் சுவரும், அதைத் தாங்கி நிற்கும் பருத்த தாங்குசுவர்களுமே. கோட்டையோ என்று ஐயுறத்தக்க தோற்றம். உள்ளே ஒரு திறந்த முற்றமும், அதனைச் சூழ்ந்து மூன்று அடுக்குகளாகக் கட்டடமும் அமைந்துள்ளன. ஆலயத்தின் வாசல், நாம் எதிர்பார்ப்பதுபோல் பலிபீடத்துக்கு நேரெதிரே இராமல், பக்கச் சுவரில் உள்ளது. இது கன்னியர் ஆலயங்களில் பொதுவாகக் காணப்படும் அமைப்பு. பலிபீடத்துக்கு எதிர்முனையில் கன்னியரின் பாடலிடம் அமைய வேண்டும். அதற்கும் மக்கள் அமரும் பகுதிக்கும் இடையே கிராதி நிற்க வேண்டும். ஆதலால் மக்கள் பக்கவாட்டில் நுழைந்தனர்.

இவ்வொதுக்கம் ஒரு மடத்தாரின் விருப்பம் மட்டுமன்று, சட்டமாகும். கன்னியர் மடத்தை விட்டு வெளியேறலாகாது என்பதைப் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ் 1298-இல் பொது விதியாக்கினார். திரிதெந்து சங்கம் 1563-இல் அதை மேலும் வலியுறுத்திற்று. இத்தகைய மடங்களில் உணவும் கடிதமும்கூடச் சுவரிற் பதித்த சுழலும் மரப்பெட்டி வழியாகவே உள்ளே சென்றன. உறவினர் வந்தால் கிராதிக்கு அப்பால் நின்றே பேசவேண்டும்.

இங்கே பயணி சற்று நின்று சிந்திக்க வேண்டும். சுவர் யாரை யாரிடமிருந்து காத்தது? வன்முறையும் கட்டாயத் திருமணமும் மலிந்த ஒரு குடியேற்ற நகரில், பெண் ஒருத்தி கற்கவும், பாடவும், நிர்வகிக்கவும், தன் தலைவியைத் தானே தெரிந்தெடுக்கவும் வாய்ப்பளித்த இடம் அதுவாக இருந்தது. அதே சுவர், மனமின்றிக் கொண்டுவந்து விடப்பட்ட பெண்ணுக்குச் சிறையாகவும் இருந்திருக்கும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் வழிகாட்டி பாதிக் கதையையே சொல்கிறார்.

இரண்டு முக்காடுகள்

மடத்தின் உள்வாழ்விலும் ஒரு சுவர் இருந்தது. பாடலிடத்தில் அமர்ந்து வேளைதோறும் ஜெபம் பாடியவர் கறுப்பு முக்காட்டுக் கன்னியர். சீதனம் கொண்டுவந்த, பெரும்பாலும் போர்த்துக்கீசிய வம்சத்துப் பெண்களே அந்நிலையை அடைந்தனர். வீட்டுவேலை செய்தவர் வெள்ளை முக்காட்டினர். இவர்களுக்கும் கீழே பணிப்பெண்களும் அடிமைப் பெண்களும் இருந்தனர். இந்நாட்டுப் பெண்களுக்குப் பெரும்பாலும் கீழ்நிலைகளே கிடைத்தன.

மடம் செல்வத்திலும் வளர்ந்தது. செல்வக் குடும்பங்களின் சொத்து மடத்துக்குப் போவதையும், மணமுடிக்கத்தக்க பெண்கள் மடம் புகுவதையும் எதிர்த்துக் கோவா நகர மன்றத்தார் அரசரிடம் முறையிட்டனர். பெண்ணின் அழைப்பைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை; சொத்தையும் சந்ததியையும் பற்றியே கவலைப்பட்டனர். ஒரு பெண் தேவனுக்கு என்று சொன்ன சொல்லை நகரமன்றம் கணக்குப் புத்தகத்தில் நட்டமாக எழுதிற்று!

இதைப் படித்து நாம் பெருமூச்சு விட்டுத் தலையசைப்பதற்கு முன், நம் மாவட்டத்தையே நினைக்க வேண்டும். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் சாதியாரைப் பிரித்த தடுப்பு 1910-இல்தான் அகற்றப்பட்டது. நம் சபைகளிலோ கல்லால் ஆன தடுப்பு இல்லாதிருக்கலாம். பெண் பார்க்கும்போதும் கல்லறைத் தோட்டத்திலும் எழும்பும் தடுப்பை நாம் அறிவோம். ஒரே பாத்திரத்திற் பங்குபெறும் சகோதரிகளுக்கு இரண்டு நிறத்தில் முக்காடு தந்த பாவம் ரோமைக்கு மட்டும் உரியதன்று.

மடம் ஒடுங்கிய விதம்

1834-இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்தது. அடுத்த ஆண்டு கோவாவின் ஆண் துறவியர் தம் மடங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். மோனிக்கா மடத்துக்கு எதிரே நின்ற அகுஸ்தீன் சபையாரின் பேராலயம் கைவிடப்பட்டு, 1842-இல் அதன் கூரை வளைவு இடிந்து வீழ்ந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பகுதியும் சரிந்தன. எஞ்சி நிற்கும் 46 மீட்டர் உயரக் கோபுரத்தையே இன்று பயணிகள் படம் பிடிக்கின்றனர். பாரசீகத்தில் 1624-இல் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட ஜார்ஜிய நாட்டு விதவை அரசி கெத்தவானின் எலும்புகள் இவ்விடிபாடுகளிலேயே கண்டெடுக்கப்பட்டன. 2021-இல் அவற்றின் ஒரு பகுதியை இந்திய அரசு ஜார்ஜியாவுக்கு அன்பளிப்பாக வழங்கிற்று.

கன்னியரை அரசு வெளியேற்றவில்லை. புதியவரைச் சேர்க்கலாகாது என்று மட்டும் தடுத்தது. அதாவது, அவர்கள் ஒவ்வொருவராக மரித்து மடம் தானே அழியட்டும் என்று விட்டுவிட்டது. பாடலிடத்தில் குரல்கள் ஆண்டுக்காண்டு குறைந்தன. கடைசிக் கன்னியாஸ்திரீ 1885-இல் இறந்தார். ஐம்பது ஆண்டுகளாக ஒரு ஜெப சமூகம் தன் முடிவை அறிந்தே தன் ஜெபத்தைத் தொடர்ந்தது.

இதைக் கேட்டு, "அது உலக அரசின் செயல்" என்று நாம் ஒதுங்க முடியாது. 1525-இல் சீர்திருத்தத்தை ஏற்ற நூரம்பெர்க் நகர மன்றம் அங்கிருந்த கிளாரா சபைக் கன்னியர் மடத்துக்குச் செய்ததும் இதுவே. அம்மடத்தின் தலைவி காரித்தாஸ் பிர்க்கைமர் கல்வியிற் சிறந்தவர். தம் சகோதரிகளின் மனச்சாட்சியை யாரும் கட்டாயப்படுத்தலாகாது என்று வாதாடினார். மெலாங்தன் அவரைச் சந்தித்துப் பேசி, வன்முறை கூடாதென்று நகரத்தாருக்கு அறிவுறுத்தினார். ஆயினும் புதியவரைச் சேர்க்கும் உரிமை மறுக்கப்பட்டது. மடம் மெல்ல மெல்ல மறைந்தது. மனச்சாட்சியின் விடுதலையை முழங்கிய நம் முன்னோர், தமக்கு மாறான மனச்சாட்சி கொண்ட பெண்களிடம் எவ்வாறு நடந்தனர் என்பது நம் வகுப்பறைகளில் அரிதாகவே பேசப்படுகிறது.

முன்சென்ற இரு பயணிகள்

பழைய கோவாவுக்குச் சென்று எழுதிய ஆங்கிலப் பயணிகள் இருவரை ஒப்பிடுவது பயன்தரும். கிளாடியஸ் புக்கானன் நம்மைப் போன்ற சீர்திருத்தச் சபைக் குரு. 1808-இல் கோவா சென்ற அவர், அகுஸ்தீன் சபையாரின் மடத்திலேயே விருந்தினராகத் தங்கினார். அவரை உபசரித்தவர் சமய விசாரணை மன்றத்தின் நடுவருள் ஒருவர். புக்கானன் அவருடைய உணவை உண்டார். அவருடைய கல்வியை மதித்தார். அதே வேளையில் விசாரணை மன்றத்தின் சிறைகளைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே கேட்டார். 1811-இல் அவர் வெளியிட்ட நூல் அம்மன்றத்தின் கொடுமையை உலகறியச் செய்தது. கோவாவின் விசாரணை மன்றம் 1812-இல் ஒழிந்தது.

மற்றவர் ரிச்சர்டு பர்ட்டன் என்னும் படை அதிகாரி. 1851-இல் வெளியான கோவாப் பயண நூலில், இளம் கன்னியாஸ்திரீ ஒருவரைக் கடத்திச் செல்ல முயன்ற அதிகாரி இருட்டிற் தவறி வயது முதிர்ந்த கன்னியாஸ்திரீயைத் தூக்கிச் சென்றதாக, கேட்ட கதை ஒன்றை வேடிக்கையாக எழுதினார். அப்போது மடத்திற் கன்னியர் உயிரோடு இருந்தனர். சுவருக்குள் நடந்த ஜெபம் அவர் காதில் விழவில்லை. சுவரைத் தாண்டும் ஆசையே விழுந்தது.

முதற் பயணி வேற்றுமையை மறைக்காமல் விருந்தினராக இருந்தார். இரண்டாமவர் விருந்தினராகவே இல்லை. நம்மவர் எவ்வழியிற் செல்ல வேண்டும் என்பது வெளிப்படை.

லூத்தரும் துறவறமும்

லூத்தரும் அகுஸ்தீன் சபைத் துறவியே என்பதை மோனிக்கா மடத்தின் முற்றத்தில் நிற்கும்போது நினைவுகூரலாம். 1521-இல் அவர் துறவறப் பொருத்தனைகளைப் பற்றி எழுதிய நூலின் மையம் இதுவே: பொருத்தனையால் ஒருவன் தேவனுக்குமுன் மேலானவனாகிவிடுவதில்லை, கிருபையாலன்றி யாரும் நீதிமான் அல்லர். 1523-இல் நிம்ப்ஷென் மடத்திலிருந்து பன்னிரு கன்னியர் தப்பிவர லூத்தர் உதவினார். அவர்களுள் ஒருவரான கத்தரீனா வான் போராவை 1525-இல் மணந்தார்.

இப்போதனை இன்றும் நமக்கு உயிர்நாடி. திருமணமும், தாய்மையும், அடுப்படியும், வயலும் தேவ அழைப்பே என்று அது கற்பித்தது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மடம் மூடப்பட்டபோது, திருமணமாகாத பெண்ணுக்குத் திருச்சபையில் இருந்த ஒரே நிலையான இடமும் மூடப்பட்டது. மணமாகாதவள் கர்த்தருக்குரியவற்றில் கவலை கொள்வதைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 7-இல் எழுதியதும், விதவைகளைப் பட்டியலிற் சேர்க்கும் முறையைப் பற்றி 1 தீமோத்தேயு 5 கூறுவதும், ஆலயத்தை விட்டு நீங்காத அன்னாளைப் பற்றி லூக்கா 2 கூறுவதும் நம் ஒழுங்குகளில் ஆளில்லாத வசனங்களாயின.

இக்குறையை நம்மவரே உணர்ந்தனர். 1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பிளீட்னர் போதகர் பெண் உதவிக்காரர் இல்லத்தைத் தொடங்கினார். நம் மாவட்டத்தின் டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1916-இல் ஏழு இளம்பெண்களுடன் 'பொதுவாழ்வின் சகோதரிகள்' என்ற குழுவை ஏற்படுத்தினார். மணமின்றிப் பணிக்குத் தம்மைத் தருவது அவர்களுடைய நோக்கம். சுவரும் கிராதியும் அங்கே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையும் 1950-களில் சகோதரிகள் அமைப்பு ஒன்றை ஏற்படுத்திற்று. 1970-களில் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கவும் தொடங்கிற்று. இவையெல்லாம் நன்றே. எனினும் இவை சிலருக்கே வழியாயின.

பயணிக்குச் சில நெறிகள்

ஏதென்ஸ் நகரில் பவுலின் ஆவி வைராக்கியமடைந்தது. ஆயினும் அவர் சுற்றி நடந்து, அங்கிருந்தவற்றைக் கவனித்துப் பார்த்த பின்னரே பேசினார் (அப்போஸ்தலர் 17). அந்நியரின் நகரிலேயே அவர் அவ்வாறு நடந்தாரெனில், ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கையிடும் சகோதரரின் வீட்டில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

முதலாவது, போவதற்கு முன் சபையாருக்கு வரலாற்றைச் சொல்லுங்கள். அங்கே சென்று வாசலில் நின்று சொல்லும் வரலாறு காற்றிற் போய்விடும்.

இரண்டாவது, எது காட்சிக்குரியது, எது வாழ்வதற்குரியது என்று பிரித்தறியுங்கள். மடத்தின் ஒரு பகுதியில் 2002 முதல் கிறிஸ்தவக் கலைக் காட்சியகம் அமைந்துள்ளது. தந்தத்திலும் வெள்ளியிலும் இந்நாட்டுக் கைவினைஞர் வடித்த திருப்பொருள்களை அங்கே காணலாம். தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டுவதாகக் கருதப்பட்ட பெலிக்கன் பறவையின் வடிவில் அமைந்த நற்கருணைப் பாத்திரப் பேழை குறிப்பிடத்தக்கது. கிறிஸ்துவின் தியாகத்தை அது உணர்த்துகிறது. ஆனால் கன்னியருக்கு இறையியற் கல்வியளிக்க 1964-இல் தொடங்கப்பட்ட மாதேர் தேயி நிறுவனத்தின் இடமும் இதுவே. பிறருடைய வீட்டின் கதவைத் திறந்து பார்ப்பது பண்பன்று. அனுமதி கேட்டே படம் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, வழிபாடு நடந்தால் பின்வரிசையில் அமைதியாக அமருங்கள். கத்தோலிக்க ஒழுங்கின்படி பிற சபையாருக்கு நற்கருணை பொதுவாக வழங்கப்படுவதில்லை. ஆகவே வரிசையிற் சென்று குருவைச் சங்கடப்படுத்தலாகாது. அவ்வேளையில் நாம் உணரும் பிரிவின் வேதனையே ஒரு ஜெபமாகட்டும்.

நான்காவது, அற்புதச் செய்திகளை எதிர்கொள்ளும் முறை. ஆலயத்திலுள்ள சிலுவையில் கிறிஸ்துவின் உருவம் 1636-இல் கண் திறந்ததாகவும் காயங்களிலிருந்து இரத்தம் வடிந்ததாகவும் நம்பப்படுகிறது. அதை நாம் ஏற்க வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அவ்விடத்தில் முழங்காற்படியிட்டிருக்கும் முதியவளின் எதிரே நகைப்பது நம் விசுவாசத்தை உயர்த்தாது. மடம் எரிந்த அதே ஆண்டின் செய்தி அது என்பதைச் சொல்லுங்கள். துன்பத்தில் இருந்த பெண்கள் தங்களோடு துன்புறும் ஆண்டவரைத் தேடினர் என்பதில் நமக்கு மறுப்பில்லை.

முடிவுரை

நம் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்திலும் ஒரு விதவையே நிற்கிறார். 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையார் எழுப்பிய பாளையங்கோட்டை ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவருக்குப்பின் வீடு வீடாகச் சென்று எழுத்தறிவித்து, ஜெபித்து, பிணியாளரைத் தேற்றிய பைபிள் பெண்கள் எத்தனை பேர்! அவர்களுள் மணமாகாதவரும் விதவைகளும் பலர். அவர்கள் முதுமையில் எங்கே வாழ்ந்தனர், யார் அவர்களைக் கவனித்தனர், சபைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் எந்த வரிசையில் எழுதப்பட்டது என்று நாம் கேட்பதுண்டா? இன்றும் நம் சபைகளில், "திருமணம் ஆகவில்லையே" என்ற இரக்கச் சொல்லைத் தவிர வேறெதையும் பெறாத ஊழியச் சகோதரிகள் உள்ளனர்.

மோனிக்கா மடம் தந்த விடையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. அதன் சுவரும், சீதனமும், இருவகை முக்காடும் நற்செய்திக்கு ஒவ்வாதவை என்று தெளிவாகவே சொல்லலாம். ஆனால் அது எதிர்கொண்ட வினா பொய்யானதன்று: தன் முழு வாழ்வையும் ஜெபத்துக்கும் பணிக்கும் தர முன்வரும் பெண்ணுக்குத் திருச்சபை என்ன வீட்டைத் தரும், எந்தத் தோழமையைத் தரும், முதுமையில் எந்த மேசையில் இடம் தரும்? மடத்தை வேண்டாமென்று மூடிய நாம் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். சுற்றுலா முடிந்து திரும்பியபின் அடுத்த சபைச் சங்கக் கூட்டத்தில் இவ்வினாவை ஒரு பொருளாகச் சேர்க்கும் போதகரே பயனுள்ள பயணம் செய்தவராவார்.